சீமை ஓட்டுக்குக் கீழே வைக்கோல்

ஐப்பசி 22, ஞாயிறு

வேர்க்கடலை காயப் போட்டேன். மத்தியானம் மழை தூறியது, எல்லாவற்றையும் வாரி உள்ளே கொட்டினேன். வீடு முழுக்க மண் வாசனை.

புத்தலப்பட்டு சம்பந்தி வீட்டிலிருந்து இன்றைக்கும் ஆள் வரவில்லை. மகள் சுலோசனாவுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. ரெண்டாவது பிரசவத்தை மாமியார் வீட்டிலேயே பார்த்தால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதல் பிள்ளை தங்காத பெண்ணுக்கு ரெண்டாவதையும் தாய் வீட்டில் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கூப்பிடத்தான் வேண்டும். எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

போன மார்கழியில் இந்த வீட்டு உள் அறையில்தான் அவன் பிறந்தான். அங்கேயேதான் போனான். பெயர்கூட வைக்கவில்லை. புத்தூர் டாக்டர் கம்பவுண்டரோடு வந்து பார்த்துவிட்டு, "குளிர் இறங்கிடுச்சும்மா, பச்ச உடம்பு தாங்கல" என்றார். அழும்போது கூப்பிட ஒரு பெயர் வேண்டும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

இது சுலோசனா பள்ளிக்கூடத்தில் பாதி எழுதி விட்ட நோட்டு. நான் மூணாங்கிளாஸ். எழுத்து கோணினால் கோணட்டும்.

ஐப்பசி 25, புதன்

இன்றைக்கும் இல்லை.

கார்த்திகை 3, வியாழன்

அவர் புத்தலப்பட்டுக்குப் போய்விட்டு வந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவும்போது சொன்னார்.

"சம்பந்தியம்மா அனுப்பல."

"என்னா சொன்னாங்க?"

"சொன்னாங்க. வுடு."

"சொல்லுங்க."

செம்பைக் கீழே வைத்தார். "உங்க வூடு ஊதக்காத்து வூடு அண்ணா. பாக்கத்தான் அழகு. அதுல இன்னொரு உசிரக் கொண்டாந்து வுட மாட்டேன்னாங்க. அத்தினி பேர் எதிர்ல."

அலர்மேல்மங்கை அம்மாள் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

இந்தத் தெருவில் சீமை ஓடு போட்ட முதல் வீடு எங்களுடையது. பழைய கூரை ஒரு பங்குனியில் எரிந்து போனது. இனி ஓலையே வேண்டாம் என்று வெல்லம் நல்ல விலைக்கு விற்ற வருஷத்தில் ஓடு போட்டார். வண்டி வண்டியாய் ஓடு இறங்கியதைப் பார்க்க ஊரே வந்தது. "ஓட்டு வீட்டு எத்திராஜ்" என்றால் நகரி வரைக்கும் தெரியும். அந்த மனுஷன் இன்றைக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை. ஆனால் எப்படி நின்றிருப்பார் என்று தெரியும்.

கார்த்திகை 6, ஞாயிறு

காலையில் பால் கறக்கப் போனேன். வெளியே வாயைத் திறந்தால் புகை. மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் உடம்பு இளகியது. கன்றுக்குட்டி காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருக்கிறது. அதே காற்று, அதே பனி. கொட்டகைக்கு மேலே மட்டும் ஒரு முழத் தடிப்புக்கு வைக்கோல்.

கறந்த பாலை வைத்துவிட்டு உள் அறைக்குப் போனேன். போன மார்கழிக்குப் பிறகு அங்கே பெருக்க மட்டும்தான் போவேன். பழைய துணி ஒன்றைக் கொளுத்தி அணைத்து, நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். புகை நேராக மேலே ஏறி ஓட்டு இடுக்கில் நுழைந்து காணாமல் போனது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் கை நுழையும் சந்து, சுற்றி வர. நான் தணல் போட்டுப் போட்டு வைத்த சூடெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது. ஊரையே குளிர் காய வைத்திருக்கிறேன். அவன் கீழே விறைத்துக் கிடந்திருக்கிறான்.

நான் பிறந்தது கூரை வீட்டில். மார்கழியில்கூடப் போர்வையை உதைத்துவிட்டுத் தூங்குவோம். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தும் ஏன் ஓட்டைப் பார்த்துப் பூரித்துக்கொண்டு நின்றேன்?

அவரிடம் கேட்டேன். "உள் அறைக்கு மட்டும், ஓட்டுக்குக் கீழ மூங்கில் தட்டி கட்டி, மேல வைக்கோல் போடலாமா?"

"ஓட்டு வூட்ல வைக்கோலா? நாளைக்கு மாட்டையும் உள்ளயே கட்டு."

"உள்ளதானே. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"பத்திக்கும்னு பயப்படறீங்களா? தட்டிக்கு அடியில மண்ணு பூசிடறேன்."

"பத்திக்கறது இல்லடி. ஓடு போட்டவன் மறுபடியும் வைக்கோலுக்கு வந்துட்டான்னு ஊர்ல சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"உனக்கென்ன. உன்ன யாரு எதிர்ல நிக்க வெச்சிக் கேக்கறான்?"

அவர் சொன்னது உண்மைதானே. நான் வீட்டுக்குள் கிடக்கிறேன், வெட்கத்தை அவர் தெருவில் சுமக்கிறார்.

கார்த்திகை 11, வெள்ளி

தம்பி சிட்டிபாபு வந்தான். நான்தான் ஆள் விட்டேன். அவர் திருப்பதிக்குச் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து. இதுவும் ஒரு திருட்டுத்தனம்தான்.

மூங்கில் தட்டியை விட்டத்தோடு சேர்த்துக் கட்டினான். களிமண்ணும் சாணியும் பதரும் மிதித்துக் குழைத்து, அடிப்பக்கம் நான் பூசினேன். கழுத்து வலி. கண்ணிலெல்லாம் மண். மேலே வைக்கோலைப் பிரி பிரியாகப் பரப்பினான்.

பக்கத்து வீட்டு வெங்கடம்மா வைக்கோல் கட்டு உள்ளே போவதைப் பார்த்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். தெலுங்குக்காரி, என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணி முறை.

"ஏமி வதினா, மாட்டுக்குப் பந்தி உள்ளயா?"

"ஆமா. நீயும் வா, உனக்கும் ஒரு இலை போடறேன்."

"பார்டர்க்காரங்க ஊர் ஊரா வந்து எழுதிக்கினு போறாங்களாமே. உங்க வூட்டப் பாத்தா வூடா கொட்டாயான்னு தெரியாம மெட்ராஸும் வாணாம்பான், ஆந்திராவும் வாணாம்பான்."

சிட்டிபாபு மேலேயிருந்து சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகுதான் முகம் எரிந்தது. இந்நேரம் தெருக்கோடி வரைக்கும் போயிருக்கும்.

கார்த்திகை 12, சனி

அவர் வந்து பார்த்தார். தட்டியை ஒரு தரம் தட்டினார். சாப்பாட்டைத் திண்ணையிலேயே வாங்கிக்கொண்டார்.

கார்த்திகை 17, வியாழன்

சுவர்த் தலையின் சந்தை எல்லாம் கந்தல் புடவையும் மண்ணும் வைத்து அடைத்தேன். ஜன்னலுக்குக் கோணி ரெண்டு மடிப்பு. கதவுக்குப் பழைய போர்வை. விரல் நுழைய ஓர் இடம் விடவில்லை. மறுபடியும் துணிப்புகை பிடித்துப் பார்த்தேன். ஏறியது, தட்டியில் முட்டியது, அங்கேயே படுத்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம். கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு வருஷம் முன்னால் இந்தப் புத்தி வந்திருந்தால்.

சிட்டிபாபு திருப்பதிக்குப் போய், ஜவுளிக் கடையில் இருக்கும் மாப்பிள்ளையிடம் நேரில் சொன்னான். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்று.

கார்த்திகை 20, ஞாயிறு

மாப்பிள்ளை கோவர்த்தனன் வந்தார். காப்பிகூடக் குடிக்காமல் உள் அறைக்குப் போனார். ஒரு மாப்பிள்ளை நம் வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறார், நான் கதவோரம் நிற்கிறேன். பெண்ணைக் கொடுத்தவள், பிள்ளையைக் காக்கத் தெரியாதவள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கறேன் அத்தை" என்றார். பாய் போட்டேன். அவ்வளவுதான், குறட்டை. எழுந்து வந்தபோது சட்டைக் காலர் ஈரம்.

"துணி பேல் கட்டுங்க நடுவுல படுத்த மாதிரி இருக்குது அத்தை. குளிர் காலத்துல கடைப் பையனுங்க அங்கதான் போய்ப் பதுங்குவானுங்க."

வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளிக் கடலைச் செடி அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டும் கேட்காதது மாதிரி.

கார்த்திகை 24, வியாழன்

சுலோசனா வந்துவிட்டாள். அவள் மாமியார் சொல்லி அனுப்பியது: தீட்டுக் கழிந்து தை பிறந்ததும் நாங்களே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். ஒரு நாள் அதிகம் வைக்கக் கூடாது.

சரி என்றேன். எதற்கும் சரி என்பேன்.

உள் அறை வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"அதே ரூமாம்மா?"

"அதே ரூம்தான். மேல பாரு."

பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. "உன் இஷ்டம்" என்றாள். அந்த வார்த்தைதான் ராத்திரி வரைக்கும் என்னைத் தின்றது.

கார்த்திகை 28, திங்கள்

அவள் கால் வீங்கியிருக்கிறது. கொள்ளு ரசம் வைத்தேன். ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

மார்கழி 5, ஞாயிறு

பெண் குழந்தை. விடியும் நேரத்தில். மருத்துவச்சி தூக்கிக் காட்டினாள். சிறிய உடம்பு, பூனைக்குட்டி மாதிரி. ஆனால் கத்தின கத்து வெங்கடம்மா வீடு வரைக்கும் கேட்டதாம்.

அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "கை கால் சூடா இருக்குதா?" என்றார். பையனா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

சூடாகத்தான் இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

மார்கழி 8, புதன்

என் கையால. என் கையாலயே பண்ணிட்டேன்.

காலையில் பனி அதிகம். குமுட்டி அடுப்பில் கரி போட்டு, மேலே உமி தூவி, கனிய வைத்து உள்ளே வைத்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக் கூடாது. கதவைச் சாத்திப் போர்வையை இழுத்துவிட்டுத் துணி துவைக்கக் கிணற்றுக்குப் போனேன். அவர் கழனியில். நான் நினைத்தேன், இந்தத் தடவை சூடு எங்கேயும் போகாது என்று. எங்கேயும் போகல. சூடும் போகல, அந்தக் கரி மூச்சும் போகல.

வெங்கடம்மா நெருப்பு வாங்க வந்திருக்கிறாள். அவள் வீட்டு அடுப்பு அணைந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாளாம், உள்ளே இருந்து சுலோசனா முனகினாளாம். கதவைத் தள்ளினால் சுலோசனா பாதி எழுந்து சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறாள். குழந்தை துணி மாதிரி துவண்டு கிடந்ததாம். வாரி எடுத்து வாசலுக்கு ஓடியிருக்கிறாள். அப்புறம் சுலோசனாவை இழுத்திருக்கிறாள்.

நான் குடத்தோடு வரும்போது வெங்கடம்மா தெருவில் நின்று குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருக்கிறாள். "ஏடு தல்லி, ஏடு, அழு, அழுடி" என்று. பனிக்காத்து. துணியில்லாத பிள்ளை. நான் குடத்தைப் போட்டுட்டேன். கிட்டப் போவக் கால் வரல. தொட்டா மறுபடியும் என்னாவுமோன்னு.

அழுதது. முதலில் பூச்சி மாதிரி. அப்புறம் நன்றாக.

எந்தக் குளிருக்குப் பயந்து சந்து விடாமல் அடைத்தேனோ, அந்தக் குளிரில் போட்டதும்தான் அதற்கு உயிர் வந்தது.

சுலோசனா என்னைத் திட்டவில்லை. வெங்கடம்மா தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

மார்கழி 9, வியாழன்

கதவு, ஜன்னல், எல்லாம் திறந்தே கிடக்கிறது. குழந்தைக்கு நாலு புடவை சுற்றியிருக்கிறேன். நான் வெளியில் படுத்துக்கொண்டேன். உள்ளே போக எனக்கு யோக்கியதை இல்லை.

மார்கழி 10, வெள்ளி

விடிந்ததும் ஏணியைச் சாத்தினேன். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று. ரெண்டு படி ஏறியிருப்பேன். அவர் வந்து ஏணியைப் பிடித்தார்.

"இறங்கு."

"புடுங்கிடறேன். எல்லாத்தையும் புடுங்கிடறேன். நீங்க சொன்னது சரி, நான் மூதேவி..."

"இறங்கு மணி. புடுங்கிட்டா குளிரும். போன வருஷம் மாதிரி."

போன வருஷம் என்று அவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

நான் இறங்கினேன். அவர் ஏறினார். உள்ளே இருந்த சுலோசனாவையும் குழந்தையையும் கூடத்துக்குக் கொண்டு வரச் சொன்னார். ஒரு மூலையில் தட்டியை வட்டமாக அறுத்தார். வைக்கோலை ஒதுக்கி, சுற்றிலும் மண் பூசி, அடி உடைந்த பானை ஒன்றை அதில் பொருத்தினார். அதற்கு நேரே மேலே ஓடு ஒன்றை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொரு பானை, அதன் மேல் மழை இறங்காமல், புகைக்குச் சந்து விட்டு, கவிழ்த்த சட்டி. கதவுக்கு அடியில் விரல் கடை சந்து விட்டார். "கீழ வந்து மேல போவணும்" என்றார்.

சீமை ஓட்டுக்கு மேலே கரிப்பானை. தெருவிலிருந்து பார்த்தால் முதலில் அதுதான் தெரிகிறது.

துணிப்புகை பிடித்துப் பார்த்தோம். மெதுவாக, சோம்பேறி மாதிரி நகர்ந்து பானைக்குப் போனது. முன்னே ஓடிய மாதிரி ஓடவில்லை.

"குமுட்டி இனிமே உள்ள வரக் கூடாது" என்றார். "கூடத்துல வெச்சிக் கல்ல சுட்டு, துணியில சுத்திக் கொண்டு போ."

மார்கழி 13, திங்கள்

டீக்கடையில் கேட்டார்களாம், "என்னா எத்திராஜு, கோபுரம் கட்டி கலசம் வெச்சிட்ட, கும்பாபிஷேகம் எப்போ?" என்று.

"நீ மொய் எழுதற அன்னிக்கு" என்றாராம் இவர்.

வெங்கடம்மா வந்து சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டு வீடு என்று சொன்ன வாய் இப்போது பானை வீடு என்கிறது. என்னால்.

அவளுக்கு ஒரு புடவை கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "சீ போ வதினா. நெருப்பு கேட்டு வந்தேன், நீ இன்னும் குடுக்கல. அதக் குடு மொதல்ல."

மார்கழி 16, வியாழன்

தீட்டுக் கழித்தோம். வெந்நீர் ஊற்றும்போது சுலோசனா சொன்னாள்: "அத்தகிட்ட அந்த விசயத்த சொல்லாதம்மா. சொன்னா அன்னைக்கே தூக்கிக்கினு போயிடுவாங்க. அந்த மெத்த வூட்ல என்னா காத்து தெரியுமா? மேல மூணு ஜன்னல், ஒண்ணுக்கும் கதவு சரியா சாத்தாது."

சரி என்றேன். மறுபடியும் சரி.

மார்கழி 23, வியாழன்

பால் நன்றாகக் குடிக்கிறது. கன்னத்தில் சதை வைக்கிறது. வெளியில் கடுமையான பனி, தெருவில் நாய்கூட அடுப்படி தேடுகிறது. உள் அறையில் நான் வேர்க்காமல், நடுங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது கண் மூடினதும் மூக்கடியில் விரல் வைக்கிறேன்.

சுலோசனா பார்த்துவிட்டாள். "தூங்க வுடும்மா அத" என்றாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து எனக்குப் படுக்க இடம் விட்டாள்.

தை 1, வியாழன்

பொங்கல் வைத்தேன். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகப்போகிறதாம், நாம் இங்கேயே, ஆந்திராவில், இருப்போமாம். எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வரும் பஸ்ஸைத் தவிர வேறு நினைப்பில்லை.

தை 4, ஞாயிறு

சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் காலை பஸ்ஸில் வந்தார்கள். வெள்ளி அரைஞாண், ரெண்டு சட்டை, ஒரு கம்பளி. கம்பளியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தூக்கிப் போகத்தான் வந்திருக்கிறார்கள்.

சம்பந்தியம்மா தெருவில் நின்றே மேலே பார்த்தார். "அது என்னாண்ணா, பானை?"

"புகை போவ" என்றார் இவர்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, துணியை அவிழ்த்து உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அவருக்கும் அவன் பேரன்தானே. எனக்கு மட்டும்தான் போனான் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா வெச்சிருக்கீங்க அண்ணி" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

"நல்லா வெக்கல" என்றேன்.

"அம்மா" என்றாள் சுலோசனா.

"நான் சொல்லிடறேன். குளிருக்கு பயந்துகினு எல்லாத்தையும் அடச்சிட்டு உள்ள கரி வெச்சிட்டேன். மூச்சு முட்டிப் போயிருக்கும். ரெண்டு பேருமே. பக்கத்து வூட்டுக்காரி வந்தா, அதனால இருக்குது. அந்தப் பானை அதுக்கப்புறம் வெச்சது. தூக்கிக்கினு போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்க்கிறார். இவர் சுவரைப் பார்க்கிறார்.

சம்பந்தியம்மா எழுந்து நின்றார். குழந்தையோடு பானைக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். அந்த வட்டத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். கதவடிச் சந்தைக் காலால் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பிக் கம்பளியை எடுத்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அதை மடித்துச் சுலோசனாவின் தலைமாட்டில் வைத்தார்.

"எங்க மெத்த வூட்ல காத்து நிக்காது. பங்குனி வரட்டும், அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். என்னிடம் இல்லை, மகனிடம். "பேர் வெச்சிட்டு நாம கெளம்பலாம்."

பெயர் வைத்தோம். மூன்று தரம் காதில் சொல்ல வேண்டும். ரெண்டாவது தரம் சம்பந்தியம்மா என்னைச் சொல்லச் சொன்னார்.

சாப்பாடு போட்டேன். எல்லோரும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள், ரெண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்து கடைசியில் நான் உட்கார்ந்து வாயில் வைத்தால், ரசத்துக்கு உப்பே போடவில்லை.

ஒருவர்கூடச் சொல்லவில்லை.